பாவமும் குற்றமும் ஒன்றோ?

தன்பால் நாட்டங் கொண்டோர் வேதத்தைத் துறந்து போகட்டும் என்போர் நம்மிடையே பலர். சட்டத்தைத் துணைக்கழைத்து அவர்களைச் சிறையிலிடவும் துணிவோர் உளர். இவர்களிடம் சிலவற்றை வினவ விரும்புகின்றோம்.

கரைத்தீவு முதல் கற்பிட்டி வரையுள்ள கத்தோலிக்கர் தம் முன்னோர் பட்ட பாட்டை மறந்தனரோ? 1658 இல் ஒல்லாந்தர் இட்ட கட்டளைப்படி, கத்தோலிக்கக் குருவானவருக்குப் புகலிடங் கொடுப்பது மரண தண்டனைக்குரிய குற்றம். 1687 இல் யோசேப் வாஸ் அடிகளார் கோவாவிலிருந்து கூலியாள் வேடத்திலேயே இலங்கைக் கரை சேர்ந்தார். யாழ்ப்பாணத்தில் இருக்கவொட்டாது 1690 இல் புத்தளம் வந்து, ஓராண்டளவு மறைப்பணி புரிந்தார். அன்று ஒல்லாந்தர் கண்ணில் அவர் குற்றவாளி. 2015 இல் பாப்பரசர் பிரான்சிஸ் கொழும்பிலேயே அவரைப் புனிதரென அறிவித்தார். சட்டம் குற்றமென்றதனால் ஒருவன் இழிந்தவனாகான் என்பதை இக்கரையாருக்கு நாம் கற்பிக்க வேண்டியதில்லை.

இன்றுள்ள சட்டமோ 1883 இல் வெள்ளையன் எழுதிவைத்த தண்டனைச் சட்டக்கோவை. அதன் 365அ பிரிவு ஈராண்டு வரை சிறை என்கிறது. 1995 இல் நம்மவர் அதைத் திருத்தினர். நீக்கினரா? இல்லை, ஆண்களை மட்டுமே குறித்த பிரிவைப் பெண்களுக்கும் விரித்தனர்! அன்னியன் விலங்கை உடைத்தெறிந்ததாக மேடையில் முழங்குவோர், அதற்கு மேலுமொரு கண்ணி கோத்த விந்தை இது.

திருச்சபை அச்செயலைப் பாவமென்றே கொள்கிறது. அதை மறைத்தெழுத நாம் விரும்பவில்லை. ஆயினும் 1992 இல் வெளிவந்த அதன் மறைக்கல்வி நூலே, இத்தகையோரை மரியாதையோடும் பரிவோடும் ஏற்க வேண்டும், அநீதியான பாகுபாடு காட்டலாகாது என்கிறது. 2023 சனவரியில் பாப்பரசர் பிரான்சிஸ், இந்நாட்டம் குற்றமன்று என வெளிப்படையாகவே கூறினார். பாவம் குருவானவரின் செவிக்குரியது, பொலிசாரின் செவிக்குரியதன்று.

ஞானஸ்நானம் பெற்று, செபமாலை சொல்லி, தலவில அன்னம்மாள் திருநாளுக்குத் தாயின் கைப்பிடித்துச் சென்று வளர்ந்த பிள்ளையிடம், நீ இனி எங்கள் வேதத்தவன் அல்லன் என்று சொல்ல எவருக்கு அதிகாரம்? படித்த நண்பர் சிலரோ, கோயிலை விட்டு வா, அதுவே விடுதலை என்கின்றனர். வாள் அதே வாள்தான். பிடி மட்டும் வேறு. அப்பிள்ளைக்கு அவன் அன்பும் வேண்டும், அன்னம்மாளும் வேண்டும். இதிற் பிறருக்கென்ன நட்டம்?

பிரேம்நாத் தொலவத்த கொணர்ந்த திருத்த மசோதா அரசியலமைப்புக்கு முரணானதன்றென 2023 மே மாதம் உயர் நீதிமன்றம் தீர்மானித்தது. பாராளுமன்றமோ அதை நிறைவேற்றாமலே 2024 செப்ரெம்பரிற் கலைந்தது. வாக்குக் கேட்டு வருவோரிடம் வீதிக்கும் உரத்துக்கும் கேட்பதுபோல இதையும் கேளுங்கள்: அம்மசோதாவை மீண்டும் கொணர்வீரா, மாட்டீரா?