குற்றவியல் படித்தால் என்ன வேலை?

"குற்றவியல் படிச்சா போலீஸ் ஆகலாமுங்களா?" பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் கோவையில் என் வயதுக்காரர்கள் பேரன் பேத்திகளுக்காக இப்படிக் கேட்கிறார்கள். அந்தப் படிப்பின் பெயரிலேயே ஒரு மிடுக்கு இருக்கிறது. ஆனால் கல்லூரிக்குப் பணம் கட்டும் முன், வேலைக்கான அரசு அறிவிக்கையில் 'கல்வித் தகுதி' என்ற பகுதியைப் படித்துவிடுங்கள். அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்: அங்கே குறிப்பிடாத பட்டம் எவ்வளவு உயர்ந்ததானாலும் விண்ணப்பத்தைக் காப்பாற்றாது.

காவல் உதவி ஆய்வாளர் தேர்வுக்கு ஏதேனும் ஒரு பட்டம் போதும். பி.காம். படித்த பையனும் குற்றவியல் படித்த பையனும் ஒரே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

அடுத்தது தடய அறிவியல். 1849இல் சென்னையில் தொடங்கிய இரசாயனப் பரிசோதனைக் கூடத்தின் வழி வந்த துறை இது. கோவையிலும் வட்டார ஆய்வகம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம், ஏழாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றங்களில் தடய நிபுணர் சம்பவ இடத்துக்கு நேரில் வர வேண்டும் என்கிறது. இதை நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்தாண்டு அவகாசம். ஆகவே ஆள் தேவை கூடும். ஆனால் ஆய்வக வேலைக்கு வேதியியல், இயற்பியல், உயிரியல் அடிப்படை வேண்டும். அந்த ஆசை உள்ள பிள்ளை முதலில் அதைப் படிக்கட்டும்.

என்னைக் கேட்டால், குற்றவியல் படித்தவர்களுக்கு மிகப் பொருத்தமானது நன்னடத்தை அலுவலர் பணி. இதற்காகச் சென்னை மாகாணம் 1936லேயே சட்டம் இயற்றியது. மத்தியச் சட்டம் 1958இல் வந்தது. ஆயுள் தண்டனைக்குரிய குற்றம் அல்லாதவற்றில், 21 வயதுக்குட்பட்டவரைச் சிறைக்கு அனுப்புமுன் நீதிமன்றம் இந்த அலுவலரின் அறிக்கையைக் கேட்டுப் பெற வேண்டும். விசைத்தறிக் கூடத்தில் வேலை பார்க்கும் 19 வயதுப் பையன் செல்போன் திருட்டில் மாட்டினான் என்று வையுங்கள். அவன் மத்திய சிறைக்குப் போவதா, வீட்டுக்குத் திரும்புவதா என்பதில் அந்த அறிக்கைக்குப் பெரிய பங்கு உண்டு. வீடு தேடிப் போய்த் தாயிடமும் முதலாளியிடமும் விசாரித்து எழுதத் தெரிந்தவர் அதை எழுத வேண்டாமா?

இன்னொரு இடமும் உண்டு. நம் பக்கத்தில் பல குடும்பங்களை அழவைத்தது நிதி மோசடி. பெருந்துறை ஈமு கோழி விவகாரத்தை யார் மறந்தார்கள்? திருப்பூர் பாசி நிறுவன மோசடி 2009இல் வெளியே வந்தது. கோவை சிறப்பு நீதிமன்றம் இருவருக்கு 27 ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது 2022இல். பணம் போட்ட முதியவர்களுக்குப் பதின்மூன்று ஆண்டு என்பது சின்னக் காலமா? வங்கி, காப்பீடு, இணையக் குற்றம் ஆகியவற்றில் மோசடியைக் கண்டுபிடிக்க ஆள் வேண்டும். குற்றவியலோடு கணக்கும் கணினியும் கற்ற பிள்ளைக்கு அங்கே மதிப்பு இருக்கும்.

அரசுக்கு என் வேண்டுகோள் ஒன்றுதான். சென்னைப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் குற்றவியலுக்குத் தனித்துறையே வைத்துப் பாடம் நடத்துகின்றன. அப்படியானால் நன்னடத்தை, சிறை, சிறார் இல்லப் பணிகளுக்கான அறிவிக்கைகளில் அந்தப் பட்டத்துக்கு முன்னுரிமை என்று ஒரு வரி சேர்க்கட்டும். செலவில்லாத காரியம். அந்த வரி வரும்வரை பெற்றோர்கள் அறிவிக்கையைப் படித்துவிட்டே பணம் கட்டட்டும்.