பழைய மடிக்கணினியும் மலையகச் சம்பளமும்

பதுளை, பசறை, ஹாலி எல பக்கத் தோட்டங்களிலிருந்து இளைஞர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: "அண்ணா, பிளேஸ்டேஷன் 2 கேம் லெப்டொப்புல இழுத்து இழுத்து ஓடுது. என்ன செய்யலாம்?" விளையாட்டுக் கேள்விதானே என்று ஒதுக்கிவிட முடியாது. இதற்குள் சம்பளக் கணக்கு ஒன்று இருக்கிறது.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாய் ஆனது. அப்போது ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாய். 2024 செப்டெம்பரில் சம்பளம் 1,350 ரூபாயாக உயர்த்தப்பட்டது. டொலரோ 300 ரூபாயைத் தொட்டிருந்தது. அதாவது ஐந்து டொலராக இருந்த நாட்கூலி நாலரை டொலராகக் குறைந்தது. மடிக்கணினி டொலரில் இறக்குமதியாகும் பொருள். ஆகவே புதியது வாங்கு என்பது லயன் அறைக்குச் சொல்லும் ஆலோசனை அல்ல. இருப்பதை ஓடவைப்பதுதான் வழி.

எமுலேட்டர் என்பது ஒரு கருவியின் மொழியை இன்னொரு கருவிக்கு ஓயாமல் பெயர்த்துச் சொல்லும் மென்பொருள். அந்த வேலையின் பெரும்பகுதி செயலியின் ஓரிரு கோர்களிலேயே நடக்கிறது. எனவே எத்தனை கோர் என்பதைவிட ஒவ்வொரு கோரின் வேகமே முக்கியம்.

செலவில்லாத வேலைகளை முதலில் செய்யுங்கள். சார்ஜரைச் செருகியே விளையாடுங்கள். மின்கலத்தில் ஓடும்போது செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விண்டோஸின் மின்சேமிப்பு முறையை நிறுத்துங்கள். பிரவுசரை மூடுங்கள். எமுலேட்டரில் உட்காட்சி அளவை மூலக் கருவியின் அளவுக்கே இறக்குங்கள். வல்கன், டைரக்ட்3டி இரண்டையும் மாற்றிப் பார்த்து வேகமானதை வைத்துக்கொள்ளுங்கள். விறகடுப்புப் புகையும் தூசும் அடைத்த விசிறியைச் சுத்தம் செய்யுங்கள். சூடேறிய செயலி தானாகவே வேகம் குறையும். பணம் கிடைத்தால் இரண்டாவது ரம் துண்டைப் போடுங்கள். தனி கிராபிக்ஸ் அட்டை இல்லாத கணினிக்கு இரட்டை ரம் கைகொடுக்கும். எஸ்எஸ்டி நல்லதுதான், ஆனால் அது விளையாட்டு திறக்கும் நேரத்தைக் குறைக்குமே தவிர ஓடும் வேகத்தைக் கூட்டாது. அதற்கும் சரிவராவிட்டால் பிஎஸ்பி விளையாட்டுகளுக்கான பிபிஎஸ்எஸ்பிபி எளிய கணினியிலும் ஓடும்.

ஓர் எச்சரிக்கை. 2024 மார்ச்சில் யுசு எமுலேட்டரை உருவாக்கியவர்கள் நிண்டெண்டோவுக்கு 24 இலட்சம் டொலர் கொடுக்க இணங்கி அதை மூடினார்கள். கண்ட இடத்திலும் இலவசமாகக் கிடைக்கும் கோப்புகளில் சட்டச் சிக்கலோடு வைரஸும் வரும். உயர்தரப் பாடக் குறிப்புகளும் அதே கணினியில்தான் இருக்கின்றன.

இந்தக் குறிப்புகள் வன்னிக்கும் பொருந்தும். 1977 வன்செயலுக்குப் பின் மலையகத்திலிருந்து போய்க் குடியேறி, பிறகு போரையும் சுமந்த குடும்பங்கள் அங்கே இருக்கின்றன. வடக்கில் பல வீடுகளுக்கு வெளிநாட்டு உறவினரின் பழைய கணினியாவது வந்து சேர்கிறது. ஊவாத் தோட்டங்களில் அப்படி அனுப்ப ஆளுள்ள வீடுகள் குறைவு.

புலம்பெயர்ந்த உறவுகளே, பழைய மடிக்கணினி கொடுக்கும்போது பதுளையையும் நினையுங்கள். விசிறியைத் துடைத்து, ரம்மைச் சரிபார்த்து, வேலை செய்யும் சார்ஜரோடு கொடுங்கள். வேகம் ஏன் குறைகிறது என்று தேடத் தொடங்கும் பிள்ளை, செயலி என்றால் என்ன, நினைவகம் என்றால் என்ன என்று தானாகவே கற்றுக்கொள்கிறது. கணினிப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாத தோட்டப் பாடசாலைப் பிள்ளைக்கு அதுவே முதல் வகுப்பு.