ஒப்புரவின் யன்னல்

ஜேர்மனியின் மைன்ஸ் நகரப் புனித ஸ்தேவான் ஆலயம் இரண்டாம் உலகப் போரில் குண்டுகளால் சிதைந்தது. மீளக் கட்டப்பட்ட அவ்வாலயத்திற்கு வர்ணக் கண்ணாடி யன்னல்களை அமைத்துத் தருமாறு யூத ஓவியர் மார்க் சகாலைப் பங்குத்தந்தை வேண்டினார். நாசிகளுக்குத் தப்பி 1941இல் பிரான்சைவிட்டு வெளியேறியவர் அவர். ஆயினும் இசைந்தார். 1978இல் முதல் யன்னல் பொருத்தப்பட்டபோது அவருக்கு வயது 91. 1985இல் மரிக்குமுன் ஒன்பது யன்னல்களை ஆக்கியளித்தார். விவிலியக் காட்சிகள் இன்றும் அங்கே நீல ஒளியில் மிளிர்கின்றன.

தம் இனம் பட்ட துயரை அவர் மறந்தவரல்லர். அவர்தம் ஓவியங்களே அதற்குச் சான்று. ஒப்புரவு என்பது மறதியன்று. போரில் சிதைந்த ஆலயங்களை நாமும் மீளக் கட்டியெழுப்பினோம். உடைந்த உறவுகளை? பீடத்தில் காணிக்கை செலுத்துமுன் சகோதரரோடு ஒப்புரவாகுமாறு ஆண்டவர் பணிக்கிறார். இவ்வாரத் திருப்பலிக்கு முன், நீங்கள் பேசாதிருக்கும் ஒருவரின் வாசலுக்குச் செல்லுங்கள்.