உருகிய இழையும் ஆராய்ச்சிப் பணமும்

உடனடிப் பிரயோஜனம் இல்லாத ஆராய்ச்சிக்குப் பொதுப்பணம் எதற்கு என்று கேட்போருக்கு, அவர்கள் உடுத்தியிருக்கும் பாலியெஸ்டர் சட்டையையே சாட்சியாக நிறுத்தலாம். குழாயிலிருந்து மெல்லியதாக ஒழுகும் நீர்த்தாரை சற்றுத் தூரம் சென்றதும் துளிகளாக உடைவது ஏன் என்பதை, கண்பார்வையை இழந்த பின்னும் சோதனைகளைக் கைவிடாத பெல்ஜியப் பேராசிரியர் ஜோசப் பிளாட்டோவும் (கிரேக்க ஞானி அல்லர்), அதை 1878-ல் கணிதமாக வகுத்த ராலே பிரபுவும் எந்த ஆலை முதலாளிக்காகவும் ஆராயவில்லை. திரவத்தின் பரப்பு இழுவிசை தன் பரப்பைச் சுருக்கிக்கொள்ள விழைவதாலேயே, தாரையில் தோன்றும் நுண்ணிய நெளிவு, தாரையின் சுற்றளவைவிட நீண்டதாயின், வளர்ந்து அதைத் துண்டாக்கிவிடுகிறது.

ஏறத்தாழ 285 டிகிரி செல்சியஸ் உஷ்ணத்தில், நுண்துளைத் தகட்டின் வழியே வெளிவரும் பாலியெஸ்டர் குழம்பையும் அதே விசை துளியாக்கவே பார்க்கிறது. ஆனால் தண்ணீரினும் லட்சம் மடங்கு அளவுக்கு மிகுந்த அதன் பாகுத்தன்மை அந்தச் சிதைவைத் தாமதப்படுத்த, அதற்குள் குளிர்காற்று பட்டு இழை இறுகிவிடுகிறது. உஷ்ணத்தைக் கூட்டினால் பரப்பு இழுவிசை சிறிதே குறைய, பாகுத்தன்மையோ சரேலென்று விழும். அளவு மீறினால் மூலக்கூறுச் சங்கிலிகளே அறுபடும். வெகுவாகக் குறைத்தாலோ இழை நீளாமல் அறும்.

ஒவ்வொரு விண்ணப்பத்தோடும் லாபக் கணக்கை இணைக்கச் சொல்லும் அதிகாரிகள், பாலியெஸ்டரைப் போலவே உருக்கி இழையாக்கப்படும் நைலான் 1935-ல்தான் பிறந்தது என்பதையும், அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ராலேயின் கட்டுரை அச்சேறிவிட்டது என்பதையும் சற்றே எண்ணிப்பார்க்கட்டும்.