எம்டனைத் தெரியும், சில்வரைத் தெரியாது

மன்னார்குடியில் இன்றும் கண்டிப்பான அப்பாவுக்கு ‘எம்டன்’ என்றுதான் பெயர். பந்தலடி டீக்கடையில் அந்தச் சொல் விழுந்தால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைமீது குண்டுமழை பொழிந்து, துறைமுகத்தருகே எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்த ஜெர்மன் கப்பல் அது.

அந்தப் பெயரோடு ஒட்டிக்கொண்ட நம்பிக்கைகள் இரண்டு. விடுதலை வீரர் செண்பகராமன் பிள்ளை அந்தக் கப்பலில் இருந்தார் என்பது ஒன்று. அதற்கு ஆதாரம் கிடையாது. அந்த மாதங்களில் அவர் சூரிச்சிலும் பிறகு பெர்லினிலும் விடுதலைப் பணியில் இருந்தார். கப்பலில் ஏற்றித்தான் அவரைப் பெரியவராக்க வேண்டும் என்பதில்லை.

மற்றது இதைவிடத் தவறானது. கடற்போரில் பாய்ந்து அடிப்பவனே வீரன், சரக்குக் கப்பலுக்குத் துணைபோகிறவன் வெறும் காவல்காரன் என்பது.

எம்டனின் முடிவைப் பாருங்கள். 1914 நவம்பர் 9, காலை. சுமார் 30,000 ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களை ஏற்றிய கப்பல் அணி கோகோஸ் தீவுகளுக்கு அருகே போய்க்கொண்டிருக்கிறது. தீவின் தந்தி நிலையத்திலிருந்து செய்தி வருகிறது: அடையாளம் தெரியாத போர்க்கப்பல் நெருங்குகிறது. காவலுக்குத் தலைமை ‘மெல்போர்ன்’ கப்பலின் கேப்டன் மார்ட்டிமர் சில்வர். அவரே கப்பலைத் திருப்பிப் புறப்பட்டுவிட்டார். சற்று தூரம் போனதும் நின்றார். அணியை விட்டுத் தலைவன் போகலாமா? திரும்பி வந்து, ‘சிட்னி’ கப்பலை அனுப்பினார். உடனிருந்த ஜப்பானியக் கப்பல் ‘இபுகி’யும் சண்டைக்குப் போக அனுமதி கேட்டது, மறுத்தார். முற்பகலிலேயே எம்டன் நொறுங்கித் தரைதட்டியது. புகழ் சிட்னியின் கேப்டன் கிளாசப்புக்குப் போனது. சில்வரின் அணியிலோ ஒரு கப்பல்கூட அடிபடவில்லை.

கைக்கு எட்டிய வெற்றியை இன்னொருவரிடம் கொடுத்த அந்தச் சில நிமிடங்கள்தான் எனக்குப் பெரிதாகப் படுகின்றன.

டெல்டாக்காரருக்கு இது புரியாத விஷயமல்ல. கார்த்திகை அடைமழையில் பாமணி ஆறு கரை தொட்டு ஓடும்போது, மணல் மூட்டையும் மண்வெட்டியுமாக விடிய விடியக் கரைக்காவல் இருந்தவர்கள் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. எங்கோ உடைப்பு என்று கேட்டதும் தன் இடத்தை விட்டு ஓடினால், அடுத்த உடைப்பு அங்கேதான் விழும்.

எல்லாக் காவலும் சண்டையில்லாமல் முடிவதுமில்லை. 1942 நவம்பர் 11 அன்று இதே இந்தியப் பெருங்கடலில், ‘ஒண்டினா’ என்ற டச்சு எண்ணெய்க் கப்பலுக்குத் துணைபோனது இந்தியக் கடற்படையின் சிறு கப்பல் ‘பெங்கால்’. எதிரே வந்தவை தலா பத்தாயிரம் டன்னுக்கு மேற்பட்ட இரண்டு ஜப்பானியக் கப்பல்கள். பெங்காலின் தளத்தில் இருந்த பெரிய பீரங்கி ஒன்றே ஒன்று. கேப்டன் வில்சன் ஒண்டினாவைத் தப்பிப் போகச் சொல்லிவிட்டு, எதிரிகளை நோக்கிக் கப்பலைத் திருப்பினார். ஒண்டினாவும் சுட்டது. ஜப்பானியக் கப்பல்களில் ஒன்று மூழ்கியது. ஒண்டினா தன் கேப்டனை இழந்தாலும் கரை சேர்ந்தது. பெங்காலில் ஒருவர்கூடச் சாகவில்லை.

சென்னை உயர் நீதிமன்ற மதிலில் எம்டன் குண்டு விழுந்த இடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டும் பெற்றோர், கதையைச் செப்டம்பர் 22-லேயே நிறுத்திவிட வேண்டாம். நவம்பர் 9 வரை சொல்லுங்கள். சில்வர் திரும்பி வந்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள்.