கடற்காற்றாலையும் கடற்பன்றியும்

கடற்காற்றாலைக்குப் புகையுமில்லை, கரியுமில்லை. ஆயினும் அதன் தூண்களைக் கடலடியில் அறையும் பேரோசை, எதிரொலி கேட்டே இரைதேடும் கடற்பன்றியை நெடுந்தொலைவு விரட்டும். ஓங்கிலுக்கு உறவான அவ்வுயிரைக் காக்கவே ஜெர்மனி, 750 மீட்டர் தொலைவில் நீரடி ஓசை 160 டெசிபலை மிஞ்சலாகாதென வரையறுத்தது. காற்றுக்குமிழித் திரையால் ஓசையைத் தணிக்கின்றனர்.

டென்மார்க்கின் நூஸ்டெட்டில் 2003-இல் 72 காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. பல்லாண்டு கழிந்தும் அங்கே கடற்பன்றிகளின் ஒலி பழைய அளவை எட்டவில்லை. நெதர்லாந்தின் எக்மாண்ட் கரைக்கப்பாலோ, ஆலைகளின் நடுவே அவ்வொலி முன்னினும் மிகுதியாகக் கேட்டது! மீன்பிடி கலங்கள் அங்கே நுழையாமை காரணமாகலாம்.

ஆகவே, ஓரிடத்துக் கணக்கை வேறிடத்திற்குப் பெயர்த்தெழுதுவது ஆய்வாகாது. முன்னிருந்த நிலை தெரியாவிடில், குறைவு எவ்வளவென்று யார் கூறுவது? முதல் தூண் நாட்டுமுன்பே நீரடி ஒலிவாங்கிகளை அக்கடலில் இறக்குதல் வேண்டும். ஆலை சுழன்ற பின்னரும் அவற்றை எடுத்துவிடலாகாது.