ஷிஃப்ட் முடிந்ததும் ஒரு கதை



ஸ்ரீபெரும்புதூரில் மாலை ஷிஃப்ட் மாறும் நேரம். கம்பெனி பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிடுகின்றன. இறங்குகிற பிள்ளைகளில் சிலர் அறைக்குப் போகாமல், கையில் ஒரு நோட்டோடு நேரே மொழி வகுப்புக்குப் போகிறார்கள். பாதிப் பேருக்கு ஜப்பானிய மொழி, மற்றவர்களுக்குக் கொரியமோ ஜெர்மனோ. இதில் வியக்க ஒன்றுமில்லை. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் 1998-ல் ஓடத் தொடங்கியது. 2007-ல் சாம்சங் வந்தது. ஒரகடத்தில் 2010-ல் ரெனோ நிசானும் 2012-ல் டைம்லரும் உற்பத்தியைத் தொடங்கின. கால் நூற்றாண்டாக இந்தச் சாலையோரம் அந்நிய மொழிகள் காதில் விழுந்துகொண்டே இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பதவி உயர்வு கிடைக்கலாம், கடல் தாண்டியும் போகலாம் என்று இந்தப் பிள்ளைகள் நம்புகிறார்கள். நியாயமான நம்பிக்கைதான்.

ஆனால் அந்த வகுப்பறைகளில் பார்ப்பது மனதுக்குக் கஷ்டமாக இருக்கிறது. பலகை முழுக்க ஜப்பானிய வினைச்சொல் அட்டவணை. மாஸ் வடிவம், தே வடிவம், தா வடிவம். எட்டு மணி நேரம் லைனில் நின்றுவிட்டு வந்த பையன் கண்ணைக் கசக்கிக்கொண்டு அதை அப்படியே நோட்டில் இறக்குகிறான். டிசம்பரில் ஜப்பானிய மொழித் தேர்வு எழுதி, அதன் தொடக்க நிலையான என்5 தேறியும் விடுகிறான். மறுநாள் ஜப்பானியப் பொறியாளர் பக்கத்தில் வந்து சாதாரணமாக இரண்டு வார்த்தை பேசினால் வாயடைத்து நிற்கிறான். அவனுக்கு மூளை இல்லாமலா? சேய்ரி, சேய்தோன், சேய்சோ என்று தொடங்கும் தொழிற்சாலை ஒழுங்கின் ஐந்து 'எஸ்'களையும் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். காய்சென், கான்பான் போன்ற தொழிற்சாலைச் சொற்கள் எல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவற்றை யாரும் மனப்பாடம் செய்யச் சொல்லவில்லை. ரேக்கின் எதிரில், பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, விஷயம் புரிகிற இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்டான். அதனால் ஒட்டிக்கொண்டது.

மொழி இப்படித்தான் வருகிறது என்று 1980-களிலேயே வாதாடியவர் அமெரிக்க மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷன். புரிகிற மொழியை, இப்போது தெரிந்ததற்குச் சற்றே மேலாக, நிறையக் கேட்கவும் படிக்கவும் கொடுங்கள், பேச்சு பின்னால் வரும் என்றார். அவர் சொன்ன எல்லாவற்றையும் எல்லோரும் ஏற்கவில்லை. ஆனால் புரியாத மொழியைக் கேட்டு யாரும் மொழி கற்றதில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

புரிய வைப்பதற்குக் கதையைவிடச் சுலபமான வழி கிடையாது. ஆற்றில் கோடரியைத் தவறவிட்ட விறகுவெட்டியின் கதை நமக்குத் தெரியும். ஈசாப் கதையான அது கொரியக் குழந்தைகளுக்கும் தெரியும். அங்கே குளத்திலிருந்து மலைத்தெய்வம் எழுந்து வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். கொரிய வகுப்பில் ஆசிரியர் பலகையில் ஒரு குளம் வரையட்டும். மஞ்சள் சாக்பீஸில் ஒரு கோடரி, வெள்ளை சாக்பீஸில் ஒரு கோடரி. கும் தோக்கி எது, உன் தோக்கி எது என்று விளக்கவே வேண்டாம். பொன்னும் வெள்ளியும் கண்ணெதிரே இருக்கின்றன. "இது உன் கோடரியா?" என்று மலைத்தெய்வம் கொரிய மொழியில் கேட்கும்போது, கதை தெரிந்த வகுப்பு "அனியோ" என்று மறுக்கும். மறுபடியும் "அனியோ". மூன்றாவதாக இரும்புக் கோடரி வந்ததும் "நே" என்று ஒப்புக்கொள்ளும். பத்து நிமிடத்தில் கோடரியைக் குறிக்கும் 'தோக்கி' என்ற சொல் இருபது முப்பது தடவை காதில் விழுந்திருக்கும். கேள்வி கேட்கும் விதமும் கூடவே உள்ளே போயிருக்கும். தமிழ்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு வசதி உண்டு. கொரியத்திலும் ஜப்பானியத்திலும் வினைச்சொல் நம்மைப் போலவே வாக்கியத்தின் கடைசியில்தான் வருகிறது, வேற்றுமை உருபும் பெயருக்குப் பின்னால்தான் ஒட்டுகிறது. கதை ஓட ஓட அந்த ஒழுங்கு நம் காதுக்குப் பழகிவிடும்.

இந்த முறை வெளிநாட்டுச் சரக்கு என்று யாரும் ஒதுக்க வேண்டாம். 1979 முதல் 1984 வரை பெங்களூரு, சென்னை என்று நம் பக்கத்துச் சாதாரணப் பள்ளிகளிலேயே இதற்கு நெருக்கமான ஒரு சோதனை நடந்தது. நடத்தியவர் என்.எஸ். பிரபு, அப்போது பிரிட்டிஷ் கவுன்சிலில் இருந்தவர். இலக்கண வரிசைப்படி பாடம் இல்லை. ரயில் கால அட்டவணையையும் ஊர் வரைபடத்தையும் கொடுத்து, "எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம்?" என்பதுபோலப் பிள்ளைகளை ஆங்கிலத்தில் யோசிக்க வைத்தார். கவனம் அர்த்தத்தின் மேல் இருக்கும்போதுதான் இலக்கணம் தன்னால் படியும் என்பது அவர் கொள்கை. பின்னர் வெளியிலிருந்து வந்து மதிப்பிட்டவர்கள், வழக்கமான இலக்கணக் கேள்விகளில் பழைய முறையில் படித்தவர்களும், பொருள் புரிந்து விடை சொல்வதில் பிரபுவின் பிள்ளைகளும் முன்னே நின்றதாகக் கண்டார்கள். தேர்வுக்கு இலக்கணம் வேண்டும், மறுக்கவில்லை. லைனில் நிற்கும் பையனுக்கு இரண்டாவது திறமையல்லவா முதலில் தேவை?

கதைக்கு எங்கே போவது என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு: ஜப்பானில் 'தாதோகு' என்றொரு வாசிப்பு இயக்கம் இருக்கிறது. ஒரு பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி மட்டுமே உள்ள படக்கதைகளிலிருந்து படிப்படியாக ஏறும் குட்டிப் புத்தகங்களை இணையத்தில் இலவசமாகவும் தருகிறது. எளிதானதில் தொடங்கு, அகராதியைத் தொடாதே, புரியாததைத் தாண்டு, பிடிக்காவிட்டால் வேறு புத்தகம் எடு. விதிகளே இவ்வளவுதான்.

நம் பள்ளிக் கல்வித் துறையின் வாசிப்பு இயக்கமும் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகளில் தமிழ்க் கதைப் புத்தகங்கள் கொண்டுவந்திருக்கிறது. அவை பள்ளிப் பிள்ளைகளுக்காக வந்தவை. ஆனால் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து ஒரகடம் விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் புத்தகங்களும் நினைவுக்கு வருகின்றன. அவர்களுக்குத் தமிழ்தான் அந்நிய மொழி. கடையில் பேரம் பேசும் அளவுக்குத் தாங்களாகவே கற்றுக்கொள்கிறார்கள். அதற்கு மேல் போக நாம் என்ன கொடுத்திருக்கிறோம்?

ஜப்பானியமோ கொரியமோ ஜெர்மனோ கற்றுத்தரும் வாசகர்கள், உங்கள் மாணவர்களுக்குப் புரியும் சொற்களில் அரைப்பக்கக் கதை ஒன்று எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். விடுதி நடத்துபவர்கள், வடமாநிலப் பிள்ளைகளுக்கு உகந்த எளிய தமிழ்க் கதை இருந்தால் அதையும் அனுப்புங்கள். அடுத்த இதழிலிருந்து இவற்றுக்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்